வாங்கிய 11ஆம் நாளே மலைப்பாதையில் நின்ற கார்: ‘பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: ஏற்காட்டில் மிளகு, காப்பித்தூள் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் சேலத்தில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 2016 மாடல் டீசல் காரை 4,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். 50,000 ரொக்கம், 1,35,000 ஜிபே, மீதி 2,50,000 வங்கிக் கடன். ‘சிங்கிள் ஓனர், 82,000 கிலோமீட்டர், இன்ஜின் பக்கா கண்டிஷன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். 11ஆம் நாள் அடிவாரத்திலிருந்து மேலே ஏறும்போது பதிமூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் டெம்பரேச்சர் விளக்கு எரிந்தது. உடனே ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். ரெக்கவரி வண்டி வைத்து ஏற்காட்டில் மெக்கானிக் ஷெட்டில் விட்டிருக்கிறேன். ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் உள்ள தடுப்புத் தகடு) போயிருக்கிறது, பிரித்தால்தான் தெரியும், 70,000 வரை ஆகும் என்கிறார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், 2022லேயே இந்த வண்டி 1,41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். கன்சல்டிங்காரரோ, ‘பழைய வண்டிக்கு யாருங்க கேரண்டி குடுப்பாங்க? பார்த்துத்தானே வாங்கினீங்க? நான் வெறும் புரோக்கர்’ என்கிறார். ‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சடித்த டெலிவரி நோட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. எனக்கு வழி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. அதற்கு முன்னால் மெக்கானிக்குக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, ஹெட்டைக் கழற்ற வேண்டாம், பேட்டரி வயரைப் பிடுங்க வேண்டாம், ஸ்கேனர் மாட்டினாலும் அதில் வரும் பழுதுக் குறியீடுகளை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த இன்ஜின்தான். எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் பிரித்துவிட்டால், ‘என்னிடமிருந்து போகும்போது நன்றாக ஓடியது, இவருடைய மெக்கானிக்தான் கெடுத்துவிட்டார்’ என்று அவர் சொல்வார். அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. பழைய கார் வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல, இந்த இடத்தில் அவசரப்பட்டதால்.

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் கலந்திருக்கின்றன: இன்ஜின் நின்றது, கிலோமீட்டர் பொய். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பத்து வருடம் ஓடிய வண்டியில் ஒரு பாகம் கெடுவது தன்னளவில் விற்றவரின் குற்றம் ஆகாது. இத்தனை நாளுக்குள் நின்றுபோன பழைய காரைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டமும் இங்கே கிடையாது. ஆனால் 82,000 என்று எழுத்தில் சொல்லி 1,41,000க்கு மேல் ஓடிய வண்டியை விற்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47) சொல்லும் நேர்மையற்ற வணிக நடைமுறை. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது அந்தப் பிரிவில் வருகிறது. ஆகவே கிலோமீட்டரை முன்னால் வைத்து, இன்ஜின் பழுதை அதன் பின்னால் கட்டுங்கள். 82,000 ஓடிய இன்ஜினுக்குக் கொடுத்த விலையில் அதைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு ஓடிய இன்ஜின் உங்கள் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் உங்கள் வாதம்.

இதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. எழுத்துப்பூர்வமான கோரிக்கை அந்த 30 நாள் முடிவதற்குள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். போனில் பேசியது கணக்கில் வராது.

‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே சமயம் அது வெறும் காகிதம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16, தொழிலாக விற்பவரிடம் வாங்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அது பொருந்தாது. பிரிவு 62இன்படி இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அந்தப் பொறுப்பை விலக்கிக்கொள்ளவும் முடியும். அதனால் டயர் தேய்ந்திருந்தது, கிளட்ச் கனமாக இருந்தது, ஏசி சரியாகக் குளிரவில்லை என்பதையெல்லாம் நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் அடுக்காதீர்கள். அவற்றுக்கு அந்த வரி அவருக்குக் கேடயம். பொய் சொன்னதற்கு அது கேடயம் ஆகாது. மீட்டரில் உள்ள எண் மாற்றப்பட்டதா என்பது சேலத்துக்குள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பவருக்குத் தெரியக்கூடியதும் இல்லை.

அடுத்து, ‘நான் வெறும் புரோக்கர்’. கன்சல்டிங் தொழிலில் வழக்கமாக வரும் பதில் இது. ஆர்.சி. நேராகப் பழைய ஓனரிடமிருந்து வாங்குபவருக்கு மாறுவதால், நடுவில் தன் பெயரே இல்லை என்பார்கள். பணம் எங்கே போனது என்று பாருங்கள். ஜிபே யார் கணக்குக்குப் போனது? வங்கி 2,50,000 ரூபாயை யார் கணக்கில் வரவு வைத்தது? டெலிவரி நோட்டில் யாருடைய லெட்டர்ஹெட், யாருடைய சீல்? விலையைப் பேசி முடித்தவர் யார்? பழைய ஓனருக்கு அவர் கொடுத்தது ஒரு தொகை, உங்களிடம் வாங்கியது வேறு தொகை என்றால் அது கமிஷன் இல்லை, விற்பனை லாபம். இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். அப்படித் தெரிவித்த பிறகு அந்த டீலரே வண்டியின் உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் நோட்டீஸில் அவருடைய அங்கீகாரச் சான்று எண்ணையும், 29சி தாக்கல் செய்த தேதியையும் கேளுங்கள். இருந்தால் புரோக்கர் வாதம் அங்கேயே விழுந்துவிடும். இல்லையென்றால் அதற்கு அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

பழைய ஓனரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் உங்களுக்கு எதுவும் சொல்லி விற்கவில்லை. வண்டியைக் கன்சல்டிங்கில் விட்டபோது மீட்டரில் என்ன இருந்தது என்பதற்கு அவர்தான் சாட்சி. அன்றைக்கு அவர் எடுத்த போட்டோ, சர்வீஸ் பில், கைமாறியபோது எழுதிக்கொண்ட சீட்டு எதுவாக இருந்தாலும் தங்கம். மரியாதையாகப் பேசி வாங்குங்கள். மனுவில் அவரைச் சேர்க்க நேர்ந்தாலும், அவர்மீது பரிகாரம் எதுவும் கேட்கவில்லை, முறைக்காகவே சேர்த்திருக்கிறோம் என்று குறிப்பிட்டுவிடலாம். (ஒருவேளை நீங்கள் கன்சல்டிங் இல்லாமல் நேராக அவரிடமே வாங்கியிருந்தால் கதை வேறு. கார் விற்பது தொழிலாக இல்லாத தனிமனிதர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. சிவில் நீதிமன்றம்தான்.)

இப்போது கிலோமீட்டரைக் காகிதத்தில் கொண்டுவரும் வேலை. சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லாததால் எழுதித் தரத் தயங்குவார்கள். பழைய ஓனர் ஒரு மெயில் போட்டால் தருவார்கள். அதுவும் நடக்காவிட்டால், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. மனுவோடு அதற்கென ஒரு இடைமனு போட வேண்டும். இதைத் தவிர இரண்டு இடங்களில் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், யாரும் தேடுவதில்லை. ஒன்று, உங்கள் வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எழுதிய வேல்யுவேஷன் ரிப்போர்ட். அதில் அன்றைய மீட்டர் அளவும் வண்டியின் நிலையும் இருக்கும். நகல் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் வந்தபோது மீட்டர் என்ன காட்டியது என்பதற்கு மூன்றாம் ஆள் சாட்சி அது. இரண்டாவது, பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதாவது நடந்திருந்தால் அந்த சர்வே ரிப்போர்ட். சில மாடல்களில் மீட்டர் போர்டைத் தவிர மற்ற கண்ட்ரோல் யூனிட்களிலும் ஓடிய தூரம் பதிவாகும். மீட்டரை மட்டும் திருப்பியவர் அவற்றை விட்டிருப்பார். கம்பெனி ஸ்கேனரில் பார்த்து பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது போதாது. அந்த போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவுகளுக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையம் நீதிமன்றம்போல அவ்வளவு கெடுபிடி காட்டாது என்றாலும், எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்க இடம் கொடுப்பானேன்? வண்டி நின்ற நாளில் அவருக்கு நீங்கள் போன் செய்த கால் லாக், ரெக்கவரி வண்டி பில் இரண்டும் முக்கியம். விளக்கு எரிந்ததும் நிறுத்தினீர்கள் என்பதற்கு நேரத்தோடு உள்ள ஆதாரம் அவைதான்.

ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், அவருடைய அடுத்த வாதம் நிச்சயம் இதுவாகத்தான் இருக்கும்: ‘மலையில் தப்பாக ஓட்டி சூடேற்றிவிட்டார்.’ இதற்குப் பதில் இன்ஜினிலேயே இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தைத் தாண்டியதும் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் இன்ஜின் முழு பாரத்தில் உழைக்கிறது. வண்டியோ மெதுவாகப் போகிறது. ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து அடிக்கும் காற்று குறைவு, ஃபேனை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள கார் இதைச் சாதாரணமாகத் தாங்கும், தினமும் எத்தனையோ கார்கள் ஏறுகின்றன. பாதி அடைத்த ரேடியேட்டரோ ஏற்கெனவே கசியும் கேஸ்கட்டோ உள்ள கார், ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை டெஸ்ட் டிரைவ் ஓட்டும்போது ஒன்றும் காட்டாது. மலையில்தான் காட்டும். இதைச் சோதனை அறிக்கை எழுதும் இன்ஜினியர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனையை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டம், எதையும் கழற்றாமல். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே நிறமுள்ள கூலன்ட் இருக்கிறதா, துருப்பிடித்த வெறும் தண்ணீரா, அடியில் பழுப்பாக, மண்போலக் கசடு படிந்திருக்கிறதா? கசிவை அடைக்க ஊற்றும் ஸ்டாப்-லீக் மருந்தின் கசடாக அது இருந்தால், விற்பதற்கு முன்பே கசிவு தெரிந்திருந்தது என்று அர்த்தம். நீங்கள் ஊற்றவில்லை என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள். அந்தத் திரவத்தில் அரை லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, தேதி எழுதி, இருந்தவர்கள் கையெழுத்தோடு சீல் வையுங்கள். அடுத்து பிரஷர் டெஸ்ட். டேங்க் மூடியில் எழுதியுள்ள அழுத்தத்துக்கு, பொதுவாக 1 பார் சுற்றளவில், பம்ப் செய்து விட்டு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் அழுத்தம் இறங்கினால் உள்ளே கசிகிறது. எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துச் சோதிக்கும் கருவியும் உண்டு. அதற்கு இன்ஜினைச் சில நிமிடம் ஓட்ட வேண்டும், மீண்டும் சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலிங் ஃபேன் தானாக ஓடுகிறதா, யாராவது டைரக்ட் வயரிங் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள்.

ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாகப் பால்போலப் படிந்திருப்பதை மட்டும் பார்த்து கேஸ்கட் போய்விட்டது என்று எழுத விடாதீர்கள். ஏற்காட்டுக் குளிரிலும் பனியிலும், கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்து அந்தப் படிவு தானாகவே வரும். எதிர்த்தரப்பு இன்ஜினியர் இதை ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுவார். டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலே கலங்கியிருந்தால்தான் அது ஆதாரம்.

இரண்டாம் கட்டம் பிரிப்பது. கன்சல்டிங்காரரை வரச்சொல்லி அழைத்து, அவர் வந்தாலும் வராவிட்டாலும், குறித்த நாளில்தான் அது நடக்க வேண்டும். முடிந்தால் அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செய்யுங்கள். சேலத்துக்கு இறக்குவதற்குச் செலவாகும், ஆனாலும் அவர்களுடைய ஜாப் கார்டுக்கு உள்ள மதிப்பு ஷெட்டில் எழுதும் சீட்டுக்கு இல்லை. தரையில் சக்கரம் உருளாதபடி ஃபிளாட்பெட் வண்டியில் இறக்குங்கள், நியூட்ரலில் உருட்டி இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் நின்ற காரில் பிரேக்குக்குப் பவர் உதவி கிடைக்காது. ஹெட்டைக் கழற்றும்போது கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா, பிடுங்கி எறிந்திருக்கிறார்களா? (சூடேறும் வண்டியைத் தற்காலிகமாக ஓட்ட இது பழைய தந்திரம். வால்வு இல்லாத ஹவுசிங்கின் போட்டோ ஒன்றே பாதி வழக்கு.) ஹெட் இதற்கு முன் லேத்தில் ஃபேஸிங் செய்யப்பட்ட (அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவிய) அடையாளம் உண்டா? கேஸ்கட் கம்பெனி போட்டதா, பிறகு மாற்றியதா? டீசல் இன்ஜின் கேஸ்கட்டில் தடிமனைக் குறிக்கும் துளைகளோ வெட்டுகளோ இருக்கும், போட்டோவில் அது தெளிவாகத் தெரிய வேண்டும். கேஸ்கட் விட்ட இடத்தில் துருவும் அரிப்பும் இருக்கின்றனவா? அரிப்பு பத்து நாளில் வருவதில்லை. ஒரே நாள் சூட்டில் போன கேஸ்கட்டும், மாதக்கணக்கில் கசிந்து போன கேஸ்கட்டும் பார்க்க வேறுவேறாக இருக்கும். அறிக்கையில் உங்களுக்கு வேண்டிய வாக்கியம் இதுதான்: ‘இந்தக் குறை வாகனம் விற்கப்பட்ட தேதிக்கு முன்பே இருந்திருக்கிறது.’ காரணத்தோடு அதை எழுத முடியாது என்று இன்ஜினியர் சொன்னால், இன்ஜின் செலவு கேட்பதைச் சற்று அடக்கிக்கொண்டு கிலோமீட்டரில் மட்டும் நில்லுங்கள்.

கழற்றிய பாகங்களை ஸ்கிராப்புக்குப் போட விடாதீர்கள். பழைய கேஸ்கட், வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் டேக் கட்டி ஒரு சாக்கில் போட்டு வீட்டில் வையுங்கள். ‘70,000 ஆகும்’ என்ற வாய்க்கணக்கும் உதவாது. கேஸ்கட் செட், ஹெட் ஃபேஸிங், வாட்டர் பம்ப், டைமிங் செட், கூலன்ட், ஆயில், லேபர் என்று வரிவரியாக எஸ்டிமேட் வாங்குங்கள். ஹெட் வெடித்திருந்தால் தொகை ஏறும், வெறும் ஃபேஸிங் போதும் என்றால் கணிசமாகக் குறையும். அறிக்கையும் எஸ்டிமேட்டும் கைக்கு வந்த பிறகு, கடைக்கு வண்டி அவசியம் என்றால் ரிப்பேர் செய்து ஓட்டலாம், தவறில்லை. ஆனால் ரிப்பேர் செய்து ஓட்ட ஆரம்பித்துவிட்டால் ‘வண்டியை எடுத்துக்கொள், முழுப்பணத்தைக் கொடு’ என்று கேட்பது கடினமாகிவிடும். பிறகு நட்ட ஈடுதான். இந்த முடிவை இப்போதே எடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். உங்கள் இடத்தில், கிலோமீட்டர் ஆதாரம் எழுத்தில் கிடைத்துவிட்டால், திருப்பிக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். 1,50,000 தாண்டிய இன்ஜினில் ஹெட் வேலை மட்டும் செய்துவிட்டு அந்த மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்குவது செலவுக்கு முடிவில்லாத வழி.

கன்சல்டிங்காரருக்கு அனுப்ப வேண்டிய கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே அனுப்பலாம்:

‘தாங்கள் ... தேதியில் எனக்கு விற்ற ... எண்ணுள்ள கார் 82,000 கி.மீ. ஓடியது என்று ... தேதியிட்ட வாட்ஸ்அப் செய்தியில் தெரிவித்தீர்கள். அதை நம்பி ரூ. 4,35,000 செலுத்தினேன். 2022ஆம் ஆண்டிலேயே இவ்வாகனம் 1,41,000 கி.மீ. ஓடியிருந்ததாகத் தெரியவருகிறது. மேலும் ... தேதியில் இன்ஜின் சூடேறி வாகனம் நின்றுவிட்டது. வாகனத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத்தொகையையும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ... தேதி காலை 11 மணிக்கு ... இடத்தில் இன்ஜின் பிரித்துச் சோதிக்கப்படும். தாங்களோ தங்கள் மெக்கானிக்கோ நேரில் வரலாம். வராவிட்டாலும் சோதனை நடைபெறும். தங்கள் டீலர் அங்கீகாரச் சான்று எண், படிவம் 29சி விவரம் ஆகியவற்றை 15 நாளுக்குள் தெரிவிக்கவும்.’

சோதனைத் தேதிக்கு முன் அவருக்குக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் இருக்கட்டும். ஸ்பீடு போஸ்ட்டில் டெலிவரிச் சான்றோடு அனுப்புங்கள், அதே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நீல டிக் விழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம், செலவில்லை. பெரிய கம்பெனிகளிடம் அது நன்றாக வேலை செய்கிறது. உள்ளூர் கன்சல்டிங்கை அது அசைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

15 நாளில் பதில் இல்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நீங்கள் கேட்கும் நட்ட ஈட்டைச் சேர்த்துக் கணக்கிடுவது பழைய சட்டத்து வழக்கம், இப்போது கொடுத்த விலை மட்டும்தான் கணக்கு. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் நிபுணர் அறிக்கையை வைத்துக் குறுக்கு விசாரணை வரும் வழக்கு என்பதால் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. ஒருவேளை கன்சல்டிங் ஈரோட்டிலோ கோவையிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் அனுமதிக்கிறது. காலக்கெடு இரண்டு வருடம். அதை நம்பிக் காத்திருந்தால் ஆதாரம் ஆறிப்போகும்.

மனுவில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, ‘மோசடி’, ‘கூட்டுச்சதி’, ‘கிரிமினல்’ என்ற சொற்களை வாரி இறைக்காதீர்கள். மோசடி போன்ற குற்றத்தன்மையுள்ள, கடுமையாக மறுக்கப்படும் விஷயங்கள் ஆணையத்தின் சுருக்க விசாரணைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி மனுவைத் தள்ளச் சொல்வார்கள். ‘விற்பனையாளர் எழுத்தில் சொன்னது இது, ஆவணம் காட்டுவது இது, ஆகவே நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்று வறட்சியாக எழுதுங்கள். இரண்டு, நீங்கள் கடைக்காரர் என்பதால் ‘வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை’ என்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்குவது வணிக நோக்கத்தில் சேராது என்று பிரிவு 2(7) விளக்கமே சொல்கிறது. சொந்த போர்டு கார், நீங்களே ஓட்டுகிறீர்கள், குடும்பத்துக்கும் கடைக்கும் பயன்படுகிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். மூன்று, தொகை. விலை 4,35,000, வாங்கிய தேதியிலிருந்து 9 சதவீத வட்டி, ரெக்கவரி, சோதனைச் செலவு பில்படி, மன உளைச்சலுக்கு 25,000, வழக்குச் செலவுக்கு 10,000. இப்படிக் கேட்பவருக்கு இருக்கும் நம்பகத்தன்மை, மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் கேட்பவருக்கு இல்லை. மாற்றுக் கோரிக்கையாக, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ள நேர்ந்தால் விலை வித்தியாசமும் ரிப்பேர் செலவும் என்று சேருங்கள். அதே மாடல், 1,50,000 ஓடிய வண்டிக்கு இரண்டு இடத்தில் எழுத்தில் விலை வாங்கி இணையுங்கள்.

குறையைச் சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாது என்றால் நிபுணருக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் இன்ஜினியர் அறிக்கையை எதிர்த்தரப்பு மறுத்தால், கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் துறையிலிருந்து ஒருவரை நியமிக்கலாம் என்று நீங்களே முன்மொழியலாம். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்பது 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. 46ஆம் நாள் அவர் பதிலோடு வந்தால் ஆட்சேபணை சொல்லத் தயங்காதீர்கள். சட்டப்படி மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். நடைமுறையில் அதைவிட அதிகமாகவே ஆகும்.

போலீஸ் புகார்? கொடுக்கலாம், ஏமாற்றுக் குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318(4) இருக்கிறது. மீட்டரைத் திருப்பியது கன்சல்டிங்காரரா அதற்கு முன்னால் வேறு யாராவதா என்று காட்ட முடியாத வரை அது அதிக தூரம் போகாது. ஆணையத்தில் அந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் இல்லை. யார் திருப்பியிருந்தாலும், சரிபார்க்காமல் 82,000 என்று எழுத்தில் சொன்னவர் அவர்.

ஆர்.சி. விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாநிலத்துக்குள் விற்பனை என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், படிவம் 29, 30. பெயரை மாற்றிக்கொண்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தால் அது தவறு. ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று ஒரு வரி கடிதத்தில் சேர்த்தால் போதும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். அது கடந்துவிட்டதால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், அதுவரை அந்த வண்டியைச் சாலையில் எடுக்கவே வேண்டாம். விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் உரிமையாளராகப் பார்ப்பார்கள் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதைப் பழைய ஓனரிடம் சொன்னால், அவரே பெயர் மாற்றத்துக்கு அவசரப்படுவார், சர்வீஸ் பதிவும் கையோடு கிடைக்கும். வங்கித் தவணையையும் நிறுத்தாதீர்கள். வங்கி உங்களை ஏமாற்றவில்லை. தவணை தவறினால் வண்டியை எடுத்துப் போவார்கள், சாட்சியும் அதோடு போகும்.

ஆணையத்தின் நோட்டீஸ் கைக்குப் போனதும் பல கன்சல்டிங்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். சமரசத்துக்கு அனுப்ப சட்டத்திலேயே இடம் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ‘வண்டியைக் கொண்டுவந்து விடுங்க, விற்றுத் தர்றேன்’ என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பின்தேதியிட்ட செக்கை வாங்கிக்கொண்டு ‘கணக்கு முடிந்தது’ என்று எழுதிக் கொடுக்கவும் கூடாது. வங்கிக் கடன் பாக்கியை அவர் நேராக வங்கிக்குக் கட்ட வேண்டும், மீதி உங்கள் கணக்கில் ஏற வேண்டும். ஏறிய பிறகு வங்கியிடம் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் வாங்கி, வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், மீட்டர் அளவு மூன்றையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு வரும் இ-சலான் எதுவும் உங்கள் தலையில் விழக்கூடாது.